ஆள் மாற்றி எழுதிய பிராது

வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைக்கு வரும் சகோதரிகள் என்னிடம் பலமுறை கேட்டுவிட்டார்கள். "வேலைய அம்மன் திருப்பிக் குடுத்துட்டாளாமே, எழுதிக் குடேன்." பல மாதம் தள்ளிப்போட்டேன். எழுதினால் என் பொறாமையையும் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டு அவள் அருளை மட்டும் எழுதினால் அது பாதிப் பொய். அதனால் முழுதாகவே எழுதுகிறேன்.

போன கார்த்திகையில், என் மகளுக்கு ஆறு மாதம் முடிந்த வாரம், எனக்கு வேலை போனது.

ஒரத்தநாடு பக்கம் ஓர் அரிசி ஆலையில் ஏழு வருடமாக இருந்தேன். வந்து இறங்கும் நெல்லில் ஈரப்பதம், பதர், கல் பார்த்துக் கணினியில் ஏற்றும் வேலை. பிரசவ விடுப்பு முடிந்து போன அன்று மேனேஜர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"நீங்கதான் ராஜினாமா குடுத்துட்டீங்களேம்மா" என்று ஒரு தாளை நீட்டினார்.

குடும்பச் சூழ்நிலையால் நானே விலகுவதாக அச்சடித்திருந்தது. தேதி, மகள் பிறந்த ஒன்பதாம் நாள். கீழே இருந்தது என் கையெழுத்துதான். விடுப்புக் காலச் சம்பளம் வராததற்கு அப்போதுதான் காரணம் புரிந்தது. தாமதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆலையில் சேரும் நாளன்று ஒரு வெற்றுத்தாளின் அடியில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார்கள். "சும்மா ஃபைலுக்கு" என்பார்கள். பி.எஸ்சி. வேதியியல் படித்த நானும் ஒரு கேள்வி கேட்காமல் போட்டுக்கொடுத்திருந்தேன்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், என் நாற்காலியில் ரேவதி இருந்தாள். விடுப்பில் போகும்முன் நானே வேலை பழக்கிவிட்ட பெண். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கடிதத்தைவிட, என் நாற்காலியில் அவள் போட்டிருந்த சிறு மெத்தைதான் என்னைச் சுட்டது.

அதற்குப் பிறகு என் நாள் அவளைச் சுற்றியே ஓடியது. காலை எட்டேகாலுக்கு அவள் ஸ்கூட்டி எங்கள் தெருமுனையைக் கடக்கும். அந்தச் சத்தம் கேட்கும்வரை சமையலறையில் கை ஓடாது. ஆயுத பூஜையன்று அவள் ஃபேஸ்புக்கில் போட்ட படத்தைத் தேடியெடுத்தேன். என் கணினிக்கு அவள் கையால் சந்தனம், குங்குமம். அப்போது நானே அதைப் பாராட்டி இதயம் போட்டிருக்கிறேன். இப்போது படத்தைப் பெரிதாக்கி, அவள் வளையல் புதிதா பழையதா என்று பார்த்தேன்.

என் மாமியார் ஒருநாள் சொல்லியேவிட்டார். "பால் குடுக்கறப்ப அந்தப் போனைப் பாக்காதடி. பிள்ளைக்கும் அந்த எரிச்சல்தான் எறங்கும்."

என் கணவர், "அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு, பாவம்" என்றார்.

"அவளுக்குப் பரிஞ்சு பேசறதா இருந்தா சோத்தையும் நீங்களே போட்டுக்கங்க" என்றேன். அவர் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

நம் கோயிலில் பிராது கட்டும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். குறையைத் தாளில் எழுதிச் சூலத்தில் கட்டுவோம், தீர்ந்ததும் அவிழ்ப்போம். நானும் கட்டினேன். ரேவதி அந்த நாற்காலியில் நிலைக்கக் கூடாது என்று எழுதினேன். அதோடு நிறுத்தவில்லை. அவள் வண்டி வழியிலேயே விழட்டும் என்றும் எழுதினேன். இதை எழுத இப்போதும் கை கூசுகிறது. அந்த வாரம் மகளுக்குச் சளி கட்டியது. நான் எழுதியதுதான் திரும்பி வந்துவிட்டதோ என்று பயந்தேன். பயந்தும் தாளை அவிழ்க்கவில்லை.

மார்கழியில் தஞ்சாவூர் போய்த் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். வாங்கிய பெண் ஊழியர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எதிர்மனுதாரர்ல மொதப் பேரு ரேவதின்னு போட்டிருக்கீங்க. மில் ஓனரா?"

"இல்லைங்க. என் சீட்டுல உக்காந்திருக்கா."

"உக்கார வச்சது யாரு?"

"மேனேஜர்தாங்க."

"அவங்க பேரைப் போடுங்க. இதை அடிச்சுடுங்க."

பேனாவை வாங்கி அடித்தேன். அழுகை வந்துவிட்டது. ஊர் திரும்பியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் கோயிலுக்குப் போனேன்.

பூசாரி கேட்டார், "என்னம்மா, வழக்கு ஜெயிச்சாச்சா?"

"இன்னும் இல்லைங்க. ஆள் மாத்தி எழுதிட்டேன், அதை அவுக்கணும்."

அவர் சிரித்துக்கொண்டே அவிழ்த்துக் கொடுத்தார். "தாயே, உண்மையை யார் வாயிலிருந்தாவது வர வை. அவள் வண்டியும் நல்லபடியாக ஓடட்டும்" என்று வேண்டினேன். இரண்டாவதை மனசில்லாமல்தான் சொன்னேன்.

தையில் தொழிலாளர் துறை அதிகாரி முன் விசாரணை. நான் விலகுவதாகப் போனில் சொன்னேன் என்று சாட்சி சொல்ல ரேவதியையே ஆலைக்காரர்கள் அழைத்து வந்திருந்தார்கள்.

அந்தக் கடிதத்தில் என் பெயருக்கு முன் 'கோ' இருந்தது, கல்யாணத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்தபோது நான் போட்ட அப்பாவின் இனிஷியல். கல்யாணமானதிலிருந்து என் கணவரின் 'ச' போட்டுத்தான் கையெழுத்திடுகிறேன். விடுப்பு விண்ணப்பத்திலும் அதுதான். அதிகாரியிடம் இரண்டையும் காட்டினேன்.

"போன வைகாசியில எழுதுன லெட்டர்ல அப்பா இனிஷியல் எப்படிங்க வந்துச்சு?" என்று அவர் மேனேஜரைக் கேட்டார்.

"பழைய பழக்கத்துல போட்டிருப்பாங்க சார்."

அதிகாரி யோசித்தார். ஒருவேளை நம்பிவிடுவாரோ என்று பயந்தேன். பிறகு ரேவதியைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா எனக்குப் போனே பண்ணல சார். என்கிட்டயும் அப்படி வெறும் தாள்ல வாங்கியிருக்காங்க. எல்லாருதும் மேனேஜர் ரூம் பீரோல மேல்தட்டுல இருக்கு."

அந்த நொடியிலும் எனக்கு ஒரு பொறாமை. இவளுக்கு இருக்கும் தைரியம் எனக்கு இல்லையே என்று.

வெளியே வராந்தாவில் கேட்டேன், "ஏன் சொன்ன ரேவதி? உன் வேலையும் போயிடுமே."

"எனக்கும் மூணு மாசம்க்கா. நாளைக்கு என் தாளையும் எடுத்து டைப் பண்ணுவாங்கல்ல."

மாதங்களை மனத்துக்குள் எண்ணினேன். அவள் வண்டி விழட்டும் என்ற என் தாள் சூலத்தில் தொங்கியபோதே அவள் வயிற்றில் பிள்ளை இருந்திருக்கிறது. அவிழ்க்க வைத்தாயே தாயே என்று அங்கேயே கும்பிட்டேன்.

ஆலை இறங்கி வந்தது. விடுப்புச் சம்பளத்தோடு வேலை திரும்பக் கிடைத்தது. பீரோவிலிருந்த தாள்களையெல்லாம் அதிகாரி முன்னாலேயே அவரவரிடம் கொடுத்தார்கள். சம்பா நெல் குவிந்த நேரம், எங்கள் இருவருக்குமே வேலை இருந்தது. இன்னொரு நாற்காலி வாங்கிப் போட்டார்கள்.

ஆடியில் ரேவதிக்கு ஆண் குழந்தை. போய்ப் பார்த்தேன். என் மகளுக்கு இல்லாத அடர்த்தியான தலைமுடி. அதற்கும் உள்ளே ஒன்று சுருக்கென்றது. எனக்கு இது முழுதாக விட்டுப்போகவில்லை, சகோதரிகளே. சுருக்கென்னும் ஒவ்வொரு முறையும் அவள் பெயர் சொல்லி ஒரு விளக்கு ஏற்றுகிறேன். இப்போது அவள் வேலையையும் நானே சேர்த்துப் பார்க்கிறேன். அவள் திரும்பி வரும் நாளை ஆலை நாட்காட்டியில் எல்லோருக்கும் தெரியும்படி நான்தான் வட்டமிட்டிருக்கிறேன்.

வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டிருந்தால் பயப்படாமல் போய்ச் சொல்லுங்கள், கேட்க ஆள் இருக்கிறது. உங்களுக்கு யாரை நினைத்தால் வயிறு எரிகிறதோ அவருக்காக ஒரு விளக்கு ஏற்றுங்கள். மனசு வரவில்லையென்றாலும் ஏற்றுங்கள். ரேவதிக்காக நான் மனசில்லாமல் கேட்டதையும் அம்மன் கொடுத்தாள்.