ஐந்து மீட்டர் பத்து செண்டிமீட்டர் செம்பு

காரிலிருந்து பெட்ரோல் ஒழுகுவதை முதலில் கண்டுபிடித்தது இதால்மிஸ்தான். 2024 மே 14, செவ்வாய்க்கிழமை, விடியற்காலை ஐந்தே கால் மணி. ஹிபாரா என்ற கடலோரச் சிற்றூரிலிருந்து ஓல்கீன் நகரத்துக்குப் போகும் சாலையில் ஒன்பதாவது கிலோமீட்டர்.

"கிழவா, உன் கிழவி மூத்திரம் போறா, வாசனை வரலயா?" என்றாள்.

அவள் கணவர் எலியாதெஸ் க்ருசாத்தா வண்டியை ஓரம் கட்டி இறங்கிக் குனிந்து பார்ப்பதற்குள் எஞ்சின் தானாகவே அடங்கிவிட்டது. டேங்கிலிருந்து எஞ்சினுக்கு வரும் இரும்புக் குழாய், புகைபோக்கிக்குப் பக்கத்தில் உடைந்து, முழு நீளத்துக்கும் துருவேறி, தொட்ட இடமெல்லாம் அப்பளமாக நொறுங்கியது. டேங்கில் இருந்த பெட்ரோல் வந்த வழியெல்லாம் கோடு போட்டுக்கொண்டே போயிருந்தது. அடியில் தேங்கியிருந்ததை வடித்ததில் ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று நிறைந்தது. அவ்வளவுதான்.

இதால்மிஸுக்கு வாரத்தில் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, ஓல்கீன் மருத்துவமனையில் டயாலிசிஸ். கடைசியாகச் செய்தது பதினோராம் தேதி சனிக்கிழமை. நோயாளிகளை ஏற்றிப்போக வந்துகொண்டிருந்த கார் பிப்ரவரியோடு நின்றுவிட்டது. அதற்கும் பெட்ரோல் இல்லை. பிறகு அவர்களுடைய எழுபது வயது பிளைமவுத் கார்தான் அவளுடைய சிறுநீரகம் என்று ஆகிவிட்டது. இப்போது அதுவும் படுத்துவிட்டது.

ஒரு குதிரை வண்டிக்காரர் அவர்களை ஊருக்குத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார். காரை மத்தியானம் இரண்டு காளைகள் இழுத்து வந்தன. ஊர் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் கேட்டார்கள். பெயரை எழுதிக்கொண்டார்கள், பதினான்காவது பெயர். சாயங்காலம் இதால்மிஸின் கால்கள் செருப்புக்குள் நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டியதால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தாள்.

"இன்னும் ஒண்ணு தவறினா என்ன ஆகும்னு டாக்டர் சொன்னார், ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"சும்மா கேட்டேன்."

அன்று மாலை ஐந்தேகாலுக்குக் கைப்பேசியில் செய்தி வந்தது. மார்ச் 5ஆம் தேதி பெட்ரோலுக்குப் பதிந்துவைத்த வரிசை எழுபத்தோராம் நாள் அவரை எட்டியிருந்தது. மே 15, புதன்கிழமை, பிற்பகல் இரண்டிலிருந்து நான்குக்குள். நாற்பது லிட்டர். தவறினால் வரிசையின் வாலுக்குப் போகவேண்டும். பங்க் ஊர் எல்லையில், வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். அங்கே இரண்டு விதிகள் இருந்தன. பெட்ரோல் வண்டியின் டேங்கில் மட்டுமே ஊற்றப்படும், கேனில் கிடையாது. வண்டி தன் சொந்தக் காலில் ஓடி வரவேண்டும். செத்த கார்களைக் கயிறு கட்டி இழுத்துவந்து, வாங்கிய பெட்ரோலை மறுநாளே விற்றவர்களால் வந்த வினை அது.

எலியாதெஸுக்கு வயது அறுபத்தொன்று. குழாய் அவருக்குப் புதிதல்ல. பதினெட்டு வயதில் சர்க்கரை ஆலையில் நீராவிக் குழாய்ப் பிரிவில் சேர்ந்தவர், 2002இல் ஆலையை மூடும்வரை இருபத்தொரு வருடம் அங்கேயே இருந்தார். ஆலையில் அவருக்கு 'காது' என்று பெயர். ஸ்பேனரால் குழாயில் ஒரு தட்டுத் தட்டி, உள்ளே நீராவி ஓடுகிறதா, தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஆலை மூடியபின் இதால்மிஸின் மாமா விட்டுப்போன பிளைமவுத்தில் ஆறு பேரை அடைத்து ஓல்கீனுக்கு வாடகை ஓட்டினார். அதிகம் பேசமாட்டார். மனைவியின் நோயைப் பற்றி வெளியில் ஒருவரிடமும் சொன்னதில்லை. கேட்டால், "கொஞ்சம் அசதி" என்பார்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் போய்க் கதவைத் தட்டியது பெங்குவின் வீட்டில். ஃப்ரிட்ஜ், ஏசி பழுது பார்க்கும் இலார்யோவுக்கு ஊர் வைத்த பெயர் அது. நடையும் அப்படித்தான்.

"செம்புக் குழாய் வேணும் கொம்பாய்," என்றார்; நண்பனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "எட்டு மில்லி. அஞ்சு மீட்டர்."

"அஞ்சு மீட்டரா? கேக்கறப்ப கூசலயா உனக்கு? கடைசியா அஞ்சு மீட்டர் குழாயை முழுசா பார்த்தப்ப எனக்குத் தலையில முடி இருந்துச்சு."

இருந்தாலும் பெங்குவின் கொல்லைக்குப் போய், செத்துப்போன ரஷ்ய ஏசிகளின் குவியலைக் கிளறினார். நான்கு துண்டுகள் கிடைத்தன: ஒரு மீட்டர் அறுபது, ஒரு மீட்டர் முப்பத்தைந்து, ஒரு மீட்டர் பத்து, ஒரு மீட்டர் ஐந்து. மொத்தம் ஐந்து மீட்டர் பத்து செண்டிமீட்டர். பற்றவைக்க காஸ் இல்லை. ஆகவே ஒவ்வொரு துண்டின் வாயையும் கருவியால் விரித்து, நட்டுப் போட்டு முடுக்கி இணைக்கவேண்டும். எட்டு நட்டு வேண்டும், ஏழுதான் இருந்தது. எட்டாவதைப் பெங்குவின் தன் வீட்டு ஏசியிலிருந்தே கழற்றினார்.

"என் பொண்டாட்டி கேட்டா எலி தூக்கிட்டுப் போச்சுன்னு சொல்லிக்கறேன். எலின்னா உன்னைத்தான் நினைப்பா, அது வேற விஷயம்."

பழைய குழாய் புகைபோக்கியை ஒட்டியே போனது. வெயில் காலத்தில் அதன் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுபோவதும், எல்லா ஓட்டுநர்களும் போல எலியாதெஸும் ஈரத்துணி சுற்றிக் காத்திருப்பதும் வழக்கம். எழுபது வருடமாக அப்படி. இந்த முறை அவர் குழாயை வண்டியின் அடிச்சட்டத்தின் எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோய், முன்னால் வந்தபின் குறுக்கே கடத்தி எஞ்சினிலுள்ள பெட்ரோல் பம்புடன் சேர்ப்பது என்று முடிவு செய்தார். தொண்ணூறு செண்டிமீட்டர் கூடுதல். கையிலிருந்த செம்பு ஒரு மில்லிமீட்டர்கூட மீதமில்லாமல் சரியாக வந்தது.

ஒரு சிக்கல் மிஞ்சியது. சட்டம் அசையாது, எஞ்சின் குலுங்கும். இரண்டுக்கும் நடுவில் ரப்பர் குழாய் இருக்கவேண்டும், ஊரில் ரப்பர் குழாய் இல்லை. செம்பை நேராக மாட்டினால் குலுக்கலில் ஒரு வாரத்தில் விரிசல் விடும். ஆலையில் நீராவிக் குழாய் சூட்டில் நீளும்போது உடையாமலிருக்க, இடையிடையே குதிரைலாடம் போல் ஒரு வளைவை மேல்நோக்கி வைப்பார்கள். எலியாதெஸ் தன் வாழ்நாளில் அப்படி நூற்றுக்கணக்கில் வைத்திருக்கிறார். கடைசித் துண்டை முழங்காலில் வைத்து, உள்ளே மணல் நிரப்பி, இருபத்தைந்து செண்டிமீட்டர் உயரத்துக்கு வளைத்தார். கை தானாகவே அதை மேல்நோக்கி மாட்டியது.

"அழகா இருக்கு. கல்யாண மாப்பிள்ளை மீசை மாதிரி," என்றார் வேலைக்குக் கூடவே வந்திருந்த பெங்குவின்.

மணி இரண்டு நாற்பது. ஒரு லிட்டர் பெட்ரோலை டேங்கில் ஊற்றினால் உறிஞ்சு குழாயின் வாய்க்கு எட்டாது. ஆகவே புதுக்குழாயைச் சும்மா விட்டுவிட்டு, பாட்டிலை எஞ்சின் மூடிக்குள் தலைகீழாகத் தொங்கவிட்டு, மருத்துவமனை சலைன் குழாய் ஒன்றால் நேரே கார்பரேட்டரில் சேர்த்தார். பெங்குவினும் ஏறிக்கொள்ள, வண்டி முனகிக்கொண்டு கிளம்பியது. வாசலில் நாற்காலியில் இருந்த இதால்மிஸ் கையை உயர்த்தினாள். பாதி உயர்த்தியதும் மூச்சு வாங்கிற்று, இறக்கிக்கொண்டாள்.

பங்கில் அவர்கள் முறை வந்தபோது மூன்று இருபத்தைந்து. பெட்ரோல் போடுகிற மரிசெலிஸ் எஞ்சின் மூடியைத் திறக்கச் சொன்னாள். பாட்டிலைப் பார்த்தாள்.

"என்ன இது?"

"இங்க வர்றதுக்கு மட்டும்."

"பாட்டில்ல ஓடற வண்டிக்கு டேங்க் எதுக்கு? நான் ஊத்துவேன், நீங்க வீட்ல போய் உறிஞ்சி எடுத்து வித்துடுவீங்க. போன மாசம் இப்படி ஒருத்தருக்கு ஊத்திட்டு நான்தான் திட்டு வாங்கினேன்."

"புதுக்குழாய் போட்டிருக்கேன். பாரும்மா."

அவள் குனிந்து பார்த்தாள். செம்பு பளபளத்தது. கொஞ்சம் யோசித்தாள். "அஞ்சு லிட்டர் ஊத்தறேன். என் கண்ணு முன்னாடி டேங்குலேர்ந்து ஓடணும். ஓடினா மீதி முப்பத்தஞ்சு."

ஊற்றினாள். எலியாதெஸ் பாட்டிலைக் கழற்றி, புதுக்குழாயைத் திறந்துவிட்டு, கையால் பம்பை அடித்தார். எஞ்சின் பிடித்தது. பெங்குவின் வரிசையைப் பார்த்துத் தலைவணங்கினார். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். நான்காவது நிமிடம் எஞ்சின் இருமி, இழுத்து, நின்றது. மறுபடி திருப்பினால் ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றியது.

ஐந்தாறு வண்டிகளுக்குப் பின்னால் மாஸ்க்விச் காரில் இருந்த மனிதர் தலையை வெளியே நீட்டினார். "செத்துப்போச்சு. மாலை போட்டு ஓரமா வைங்க. எங்களுக்கு நாலு மணி வரைக்கும்தான்."

"ஈரத்துணி, ஈரத்துணி," என்றது இன்னொரு குரல்.

"இங்க எஞ்சின்ல கை வைக்கக்கூடாது. கோட்டுக்கு வெளியே தள்ளுங்க," என்றாள் மரிசெலிஸ். வரிசையில் நின்றவர்கள் நான்கு பேர் உற்சாகமாகத் தள்ளினார்கள். உதவி செய்ய அல்ல, இடம் காலியாக.

இருபது மீட்டருக்கு அப்பால் வண்டி நின்றது. மணி மூன்று முப்பத்தேழு. எலியாதெஸ் எஞ்சின் மூடியைத் தூக்கினார். அவர் செய்தது சரியாகத்தான் இருக்கவேண்டும். இணைப்பு ஒழுகவில்லை. டேங்கில் பெட்ரோல் இருக்கிறது. புகைபோக்கி எங்கேயோ, குழாய் எங்கேயோ. பெங்குவின் துணியை நனைத்துப் பம்பின்மேல் போட்டார். திருப்பினார்கள். ஒன்றுமில்லை. நாளை விடியற்காலை இதால்மிஸை எதில் ஏற்றுவது என்ற எண்ணம் வந்தது. பம்பரின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஆறட்டும், அரை மணி," என்றார் பெங்குவின்.

"அரை மணி இல்ல."

எழுந்து, பையிலிருந்து பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து, டேங்க் பக்கத்திலிருந்து குழாயைத் தட்டிக்கொண்டே முன்னால் வந்தார். சட்டத்தின் நீளத்துக்கும் மந்தமான சத்தம், உள்ளே நிறைந்திருக்கிற சத்தம். முதல் இணைப்பு, இரண்டாவது, மூன்றாவது. குதிரைலாடத்தின் உச்சியில் தட்டினார். ணங் என்றது. தொட்டார், விரல் சுட்டது.

ஆலையில் வளைவுக்குள் தண்ணீர் தேங்கக்கூடாது, அதனால் மேலே வளைத்தார்கள். பெட்ரோல் குழாயில் தேங்கக்கூடாதது ஆவி. எஞ்சின் சூட்டில் உண்டான ஆவி முழுவதும் அந்த உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டது, பம்ப் வெறும் ஆவியை உறிஞ்சுகிறது. இருபத்தொரு வருடப் பழக்கம் அவருடைய கையைப் பிடித்து அதை அங்கே மாட்டியிருந்தது.

"ரெண்டு நட்டையும் தளர்த்து. தலைகீழா திருப்பப் போறேன்."

"கொம்பாய், எஞ்சின் கொதிக்குது. ஒரு சொட்டு எதுலயாவது பட்டுச்சுன்னா நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சவப்பெட்டி போதும்."

"ஈரத்துணியைப் பிடி."

பெங்குவின் பிடித்தார். நட்டுகள் தளர்ந்ததும் கால் டம்ளர் பெட்ரோல் துணியில் இறங்கியது. எலியாதெஸ் லாடத்தைக் கீழ்நோக்கித் திருப்பினார். விரல் நுனி வெந்தது, விடவில்லை. சாலையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அது தொங்கியது. முடுக்கினார். பாட்டிலில் மிஞ்சியதைக் கார்பரேட்டரில் கொஞ்சம் விட்டார். மூன்று ஐம்பது.

எஞ்சின் பிடித்தது. அவர் ஐந்து நிமிடம் கையை எடுக்காமல் லாடத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தார். நிற்கவில்லை. வண்டியைத் திருப்பிப் பங்குக்குள் கொண்டுவந்தபோது, தன் முறை வந்திருந்த மாஸ்க்விச்காரர் குறுக்கே நின்றார்.

"உன் முறை முடிஞ்சுது. இறங்கிப் போய் மறுபடி பதிஞ்சுக்கோ."

பெங்குவின்தான் ஜன்னல் வழியே கத்தினார்: "அவன் பொண்டாட்டிக்கு நாளைக்குக் காலைல டயாலிசிஸ். நேத்து போகல. நாளைக்கும் போகலன்னா நீ வந்து பதில் சொல்றியா?"

எலியாதெஸ் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்லயும் நோயாளி இருக்கு. எல்லா வீட்லயும் இருக்கு," என்றார் மாஸ்க்விச்காரர். குரல் இறங்கியிருந்தது, ஆனால் அவர் நகரவில்லை.

மரிசெலிஸ் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அவர் முறை முடியல. நான் அஞ்சுதான் ஊத்தினேன். நாற்பது ஆனாத்தான் முறை முடியும்." அவள் மாஸ்க்விச்காரரைப் பார்த்தாள். "உங்களுக்கும் ஊத்திட்டுத்தான் பூட்டுவேன். மணி என் கையில இருக்கு. தள்ளுங்க."

வியாழக்கிழமை நாலு நாற்பதுக்குப் புறப்பட்டார்கள். இதால்மிஸைத் தூக்கித்தான் உட்காரவைக்கவேண்டியிருந்தது. அவள் பின்சீட்டில் நிமிர்ந்து, வாயால் மூச்சுவிட்டபடி வந்தாள். எலியாதெஸ் நாற்பதுக்குமேல் ஓட்டவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் கீழே தொங்கும் லாடத்தை நினைத்து ஒதுங்கினார். ஒன்பதாவது கிலோமீட்டர் வந்தது, போனது. அவள் மூச்சின் சத்தம் எஞ்சின் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது.

ஐந்தே முக்காலுக்கு மருத்துவமனை. தாதி எடை பார்த்துவிட்டுத் திரும்பினாள். "அஞ்சு கிலோ எண்ணூறு அதிகம். செவ்வாய்க்கிழமை எங்க போனீங்க, டான்ஸுக்கா?"

இதால்மிஸை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கதவு மூடியது.

எலியாதெஸ் வெளியே வந்தபோது காரின் அடியில் காசளவு ஈரம். படுத்து நுழைந்து பார்த்தார். மூன்றாவது இணைப்பு கசிந்தது, பத்து விநாடிக்கு ஒரு சொட்டு. முடுக்கினால் செம்பின் வாய் கிழிந்துவிடும். எதிர்க் கட்டிடத்தில் தரை துடைத்த பெண்ணிடம் துணி சோப்பில் ஒரு துண்டு கேட்டு வாங்கிவந்து, பிசைந்து, இணைப்பைச் சுற்றி அப்பினார். பெட்ரோலில் சோப்பு கரையாது, ஆனால் பிடித்து இறுகும்வரை விரலை எடுக்கக்கூடாது. எடுத்துப் பார்த்தால் ஒழுகியது. மறுபடி அப்பினார். சனிக்கிழமைக்கு இது தாங்கவேண்டும். அடுத்த செவ்வாய்க்கும். வெந்த விரல்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தார். மேலே வெயில் ஏறியது.

பத்தரை மணிக்கு இரண்டு கால்கள் காரின் பக்கத்தில் வந்து நின்றன. வீக்கம் வடிந்திருந்தது, செருப்புப் போட்டிருந்தது.

"கிழவா, உயிரோட இருக்கியா?"

"இருக்கேன். நீ?"

"ஊசி குத்தின இடம் வலிக்குது. தாதி அரை மணி திட்டினா." அவள் காரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிய முயன்றாள், முடியவில்லை. "அங்க என்ன பண்றே?"

"பிடிச்சுக்கிட்டிருக்கேன்."

"எவ்வளவு நேரம் பிடிக்கணும்?"

அவர் விரலை மெல்ல விலக்கிப் பார்த்தார். பத்து வரை எண்ணினார். சொட்டு விழவில்லை. இருபது வரை எண்ணினார்.

"இன்னும் கொஞ்சம்," என்றார்.

"சரி. எனக்குப் பசிக்குது," என்று சொல்லிவிட்டு, இதால்மிஸ் தானே கதவைத் திறந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.