ரொட்டி வேனில் ஓர் இறக்கை

“அத்தான், இன்னும் கொஞ்சம் மிதிங்க!”

“நான் ரொட்டிக்காரன்மா, ராக்கெட்காரன் இல்ல!”

சொல்லிக்கொண்டே மிதிக்கிறார். ரொட்டியை இறக்கிவிட்டுத் திரும்பும் காலி வேன். கூரையில் கட்டிய கம்பின் உச்சியில் தெர்மாகோல் இறக்கை ஒன்று. அதன்மேல் வரிசையாய் ஒட்டிய நூல்துண்டுகள் காற்று சீராக ஓடிப் படிந்து கிடக்கின்றனவா, காற்று கலைந்து துள்ளுகின்றனவா என்று ஜன்னல் வழியே கழுத்தை நீட்டிப் பார்க்கிறாள் கொழுந்தியாள். தெருவில் அவளுக்கு ‘இறக்கை’ என்றே பெயர்.

விமானப் பொறியியல் படித்துவிட்டு ஒன்றரை வருடமாக வேலை தேடுகிறாள். ‘புதியவர்கள் விண்ணப்பிக்கலாம்’ என்பார்கள். கீழேயே ‘அனுபவம் அவசியம்’ என்றும் இருக்கும். “புதுச் செருப்பு வேணும், ஆனா கடிக்கக் கூடாதுன்னா எப்படி?” என்பாள். சிரிப்பாள். அப்படிச் சிரிக்கிற நாளில் மட்டும் தட்டில் பாதிச் சோறு மிஞ்சும்.

ஆளில்லா விமானம் செய்யும் நிறுவனம் ஒன்று பயிற்சிப் பணிக்கு நேர்காணலுக்கு அழைத்தது. “இதுவும் இல்லேன்னா என் ஆபீஸ்ல கணக்கு எழுத வந்துடு. போதும்டி” என்றாள் அக்கா.

நேர்காணலில் நடந்ததை எனக்கு நடித்தே காட்டினாள்.

“இந்த இறக்கையை எந்த ஆய்வுக்கூடத்துல சோதிச்சீங்க?”

“எங்க அத்தானோட ரொட்டி வேன்ல சார்.”

கேள்வி கேட்க உட்கார்ந்திருந்தவர்களில் இருவர் சிரித்துவிட்டார்கள். நடுவிலிருந்த தலைமைப் பொறியாளர் அம்மாள் சிரிக்கவில்லை. “வேன் கூரையே காத்தைக் கலைச்சுடுமே?”

“கலைச்சுது மேடம். முதல் இறக்கை பிச்சுக்கிட்டுப் போய் எதிர்வீட்டு மாடியில விழுந்துச்சு. அப்புறம் நூல் அடங்குற வரைக்கும் கம்பை உயர்த்திக்கிட்டே போனேன்.”

அந்த எதிர்வீடு என்னுடையது. எங்கள் பழக்கமே அப்படித்தான் தொடங்கியது.

அம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, வெள்ளைத்தாளை நீட்டி, “வரைஞ்சு காட்டு” என்றாராம். ‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆனது என்று இவளுக்கே நினைவில்லை. சிரித்த இருவரும் எழுந்துவந்து தாளின்மேல் குனிந்துகொண்டார்கள். கடைசியில், “திங்கட்கிழமை வந்துடு.”

செய்தி கேட்டதும் அத்தான் தெருவே அதிர ஹாரன் அடித்தார். அக்கா சொந்தக்காரர் ஒருவரையும் விடாமல் போன் போட்டாள். “எனக்கு அப்பவே தெரியும்!”

இப்போது தினமும் காலையில் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறாள். கழுத்தில் அடையாள அட்டை. காற்றில் அது புரண்டு வெற்றுப் பக்கம் காட்டும்போதெல்லாம், பேச்சை நிறுத்தாமலேயே, படம் வெளியே தெரியும்படி திருப்பிவிட்டுக்கொள்கிறாள்.