கப்பல் படத்துக்குப் பிணமாகப் போனோம்

கப்பலில் நடக்கிற கதை என்றால் எனக்கு உயிர். சினிமாவாக இருந்தால் டோல்கேட் தியேட்டர் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். புத்தகமாக இருந்தால் காதால் கேட்பேன். எழுத்துக்கூட்டிப் பஸ் போர்டு படிக்கிற அளவுதான் என் படிப்பு. பின் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிற தெற்கத்தி அம்மா நாவல் படிக்கிறவள். பருப்பு நிறுத்துக்கொண்டே எனக்குக் கதை சொல்லுவாள். கப்பலில் கொலை விழுந்தால் கொலைகாரன் யாரென்று பாதியிலேயே நான் சொல்லிவிடுவேன். அவளுக்குக் கோபம் வரும்.

என் மாமனார், புருஷன், மகன் மூவருமே கடலுக்குப் போனவர்கள். ஒருத்தரும் கோட்டு போட்டுக்கொண்டு மேல்தட்டில் ஆடியதில்லை. படத்துக் கப்பல் வெள்ளை வெளேரென்று இருக்கும். யாரும் வாந்தி எடுக்க மாட்டார்கள், டீசல் நாறாது, மீன் வாடை வராது. அதெல்லாம் பொய் என்று எனக்குத் தெரியும். நிஜக் கடல்தான் வீட்டு வாசலில் கிடக்கிறதே, அதை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்?

அப்படிப்பட்ட என் வீட்டு வாசலுக்கே ஒரு சினிமா ஏஜென்ட் வந்தான்.

"ஆயா, சொகுசுக் கப்பல் முழுவுற சீனு. தண்ணில மல்லாக்க மெதக்கணும். எப்பவும் வர ஆளுங்க மூக்குல தண்ணி பூந்தா கத்துறாங்க. பொணம் கத்துனா நல்லாவா கீது? அதான் மீனவ ஜனமா பாத்து கேக்குறேன்."

"ஆயான்னு எவள சொல்ற? உங்கம்மா வயசுதான் எனுக்கு."

"செரிம்மா. வரியா?"

நானும் மருமகளும் போனோம். மகன் அப்போது கடலில் இருந்தான். காசிமேட்டில் ஒரு விசைப்படகுக்கு அவன்தான் டிரைவர்.

எண்ணூரில் மூடிக்கிடந்த ஒரு கம்பெனிக் கொட்டகைக்குள் கப்பலை நிறுத்தியிருந்தார்கள். முன்பக்கம் மட்டும்தான் கப்பல். பின்பக்கம் போய்ப் பார்த்தால் சவுக்குக் கட்டையும் ஆணியும். கடலுக்குப் பதில் ஒரு சிமென்ட் தொட்டி, சுற்றிலும் பச்சைத் துணி. எனக்கு நரைத்த டோப்பாவும் முத்துமாலையும் மாட்டி, பணக்காரக் கிழவி ஆக்கினார்கள். மருமகளுக்குக் கால் வரைக்கும் நீலக் கவுன். தாலிக் கயிறு காமிராவில் தெரிகிறது என்று அதை முதுகுப்பக்கம் தள்ளி ஊசி குத்தினார்கள். கண்ணாடி வளையலைக் கழற்றினார்கள். பிறகு மேக்கப்காரன் ஈரப் பஞ்சை எடுத்துக்கொண்டு அவள் நெற்றிக்கு வந்தான்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். புருஷன் தண்ணீரில் இருக்கும்போது பெண்டாட்டி பொட்டை அழிக்க மாட்டாள். முகம் கழுவினால் ஈரம் காய்வதற்குள் வைத்துவிடுவாள். என் புருஷன் செத்ததோடு எனக்கு அந்த வேலை தீர்ந்தது.

"அத்தே, அவரு கடல்ல கீறாரே" என்றாள்.

"சாயந்தரம் வச்சிக்க. இது சினிமாடி."

சொன்னது நான்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்.

நான் நன்றாகச் செத்தேன். ஒரே டேக். மருமகளுக்கு இமை துடித்தது என்று மூன்று தடவை சாகச் சொன்னார்கள். முடிந்ததும் உதட்டு நீலம் அழியாமல் இரண்டு பேரும் படுத்தபடி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டோம். அதை அவளே பெருமையாகப் போனில் ஸ்டேட்டஸ் வைத்தாள். தெருவே பார்த்துச் சிரித்தது. "பொணம் வருது, வழி வுடுங்க" என்று தண்ணீர்க் குழாயில் அவளுக்கு முதல் குடம் கொடுத்தார்கள்.

அந்த வாரமே காற்று கிளம்பியது. போன படகெல்லாம் திரும்பிவிட்டது. மகன் ஓட்டிய படகு மட்டும் வரவில்லை. ஒயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் பதில் இல்லை.

எதிர்வீட்டுக்காரியின் புருஷனும் அதே படகில்தான் போயிருந்தான். அவள் போனை நீட்டிக்கொண்டு என் வீட்டுக்குள் ஏறினாள். "பாருடி. நல்லா பாரு. நெத்தி பாழா கீது. புருசன் செத்தவளாட்டம் ஊருக்கே காட்டிக்கினு, எம் புருசனையும் சேர்த்து அனுப்பிட்டியேடி!" அவளும் தெருப் பெண்களும் மருமகளின் மயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கடலோரக் கல்லின்மேல் உட்கார வைத்தார்கள். படகு வருகிறவரை எழுந்திருக்கக் கூடாது, சோறு தண்ணீர் கூடாது. வெயிலில் கல் கொதித்தது. போகிறவள் வருகிறவள் எல்லாரும் ஒரு வார்த்தை வீசிவிட்டுப் போனார்கள்.

"நடிகையம்மா, டைரட்டரு இன்னும் கட்டு சொல்லலியா?"

"கண்ண மூடிக்கடி. இமை துடிக்குது."

நான் சொம்பில் தண்ணீர் கொண்டுபோனேன். எதிர்வீட்டுக்காரி காலால் தட்டிவிட்டாள். "நானுந்தாண்டி அங்க செத்துக் கெடந்தேன். என்னையும் உக்கார வைங்க" என்றேன்.

"உனுக்கு அழிக்கறதுக்கு இன்னாக்கா கீது?" என்றாள் அவள். எல்லாரும் சிரித்தார்கள். அந்த நேரத்திலும் அவர்களுக்குச் சிரிப்பு வந்தது.

மருமகள் கல்லிலேயே மயங்கிச் சாய்ந்தாள். முகத்தில் கடல் தண்ணீரை அடித்து மறுபடியும் நிமிர்த்தி வைத்தார்கள். மறுநாள்தான் போன் வந்தது. இன்ஜின் நின்று, படகு காற்றோடு வடக்கே போயிருக்கிறது. ஆந்திராக்காரப் படகொன்று பார்த்து, கட்டி இழுத்துக் கரை சேர்த்திருக்கிறது. அத்தனை பேரும் உயிரோடு. தெரு அழுதது, வெடி போட்டது. "நாங்க உக்கார வச்சோம், கடலு குடுத்துச்சி" என்று எதிர்வீட்டுக்காரி எல்லாருக்கும் சொன்னாள்.

மகன் வந்து சோற்றில் கை வைத்தான். மருமகள் அடுப்படியில் இருந்தாள். உதடு வெடித்திருந்தது. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னான்:

"டீசல்ல தண்ணி பூந்துருக்கும்மா. கெளம்பும்போதே டேங்கு அடியில தேங்குற தண்ணிய தொறந்து வுடணும். என் வேலதான் அது. வுட்டுட்டேன். ஓனருக்குத் தெரிஞ்சா இந்தத் துறையில எவனும் எனுக்கு ஸ்டேரிங்கு குடுக்க மாட்டான்."

அடுப்படிக்கும் அது கேட்டிருக்கும். எங்கள் வீட்டில் குசுகுசுவென்று பேசினாலும் சுவரில் முட்டித் திரும்பும்.

சாயந்தரம் கோயில் முன்னால் படகு ஓனரும் பெரியவர்களும் உட்கார்ந்தார்கள். ஓனர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மகனிடம் சொன்னார்: "ராசி கெட்டது வூட்ல இருந்தா படகுல எவன் ஏறுவான்? அவள ஆத்தா வூட்டுக்கு ஒரேயடியா அனுப்பிடு. சாவிய வாங்கிக்க."

"அனுப்பிடறேன் நைனா" என்றான் என் மகன். பெண்டாட்டி பக்கம் திரும்பவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் எழுந்தேன்.

"எத்தினியோ கப்பல் படம் பாத்துக்கீறேன். கப்பல் முழுவுனா கேப்டன் நின்னு முழுவுவான். பொண்டாட்டி நெத்திய காட்டிட்டு ஓட மாட்டான். டேய், டேங்குல தண்ணிய தொறந்து வுட்டியான்னு சாமி முன்னாடி சொல்லுடா."

அவன் வாய் கோணியது. ஓனர் அவனையே பார்த்தார். பிறகு சாவியை மடியில் செருகிக்கொண்டு எழுந்தார். எதிர்வீட்டுக்காரி நேராக வந்து என் மகன் முகத்தில் துப்பினாள். "எம் புருசன கொல்லப் பாத்தது நீயாடா?" கல்லின்மேல் மருமகளுக்குக் கிடைத்த அத்தனை வசையும் அவனுக்குக் கிடைத்தது. மருமகளிடம் ஒருத்தியும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அங்கே இருப்பதையே மறந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் துணிகளை மூட்டை கட்டினாள்.

"யாரு உன்ன கேட்டா?" என்றாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து என்னை எதிர்த்து அவள் பேசியதில்லை. "என்ன பத்திதான பேசுனாங்க. நான் கெடந்துட்டுப் போறேன். கொஞ்ச நாள்ல அவரே வந்து கூட்டிக்கினு வந்துருப்பாரு. இப்ப அவரு கைய ஒடச்சி போட்டுட்டியே அத்தே."

"பொய்ல வர சோத்த துன்னுவியாடி?"

"துன்னுவேன். உனுக்கு உன் வாய் பெருசு. எனுக்கு அவரு பெருசு."

மகன் வாசலில் நின்றான். மூட்டையை வாங்கிக்கொண்டான். இரண்டு பேரும் ஷேர் ஆட்டோ ஏறி முகத்துவாரக்குப்பத்துக்கு, அவள் ஆத்தா வீட்டுக்கே போனார்கள். அங்கே மச்சான்காரனுடைய சின்னப் படகில் அவன் வலை இழுக்கிறானாம். டிரைவராக இருந்தவனை அவர்கள் டேய் என்று கூப்பிடுகிறார்களாம். மீன் வாங்க வருகிறவர்கள் சொல்கிறார்கள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

நான் போய்க் கூப்பிடவில்லை. அவர்களும் வரவில்லை. எதிர்வீட்டுக்காரி இப்போது பண்டிகைக்குப் பாயசம் கொடுத்தனுப்புகிறாள். வாங்கி வைத்துக்கொண்டு, அவள் பார்க்கும்படி வாசலில் நாய்க்கு ஊற்றுகிறேன்.