மூன்று கல் தூரம்

வாள்பயிற்சிக் கூடத்தின் தரை டைல்ஸ்காரர் தன் கையால் போட்டது. பதினோரு வருடத்துக்கு முன்பு, இரண்டடிக் கற்களைப் பதித்துவிட்டுப் பூச்சு காயக் காத்திருந்த நாளில், பின்முற்றத்து வெறும் சிமென்ட்டில் நடந்த ரேபியர் ஆட்டத்தைப் பார்த்தார். ஒல்லியான நீள வாள், அதைவிட நிதானமான கால்கள். அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டார். மறுவாரமே கூடத்தில் சேர்ந்தார்.

அவர் காலில் பிசிறு கிடையாது. முன்னேற முன்னங்கால் முதலில், பின்வாங்கப் பின்னங்கால் முதலில். இரண்டும் பின்னிக்கொள்ளக் கூடாது. எதிராளியின் முன்னங்காலுக்கும் தன் முன்னங்காலுக்கும் நடுவே மூன்று கல் இருந்தால் பாயலாம். கூடினால் வாள் எட்டாது, குறைந்தால் குத்து வாங்குவது நிச்சயம்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, சகலை வந்து சேரும்வரை. மனைவியின் தங்கை புருஷன், மருந்துக்கடையில் வேலை. வந்து முழுசாக எட்டு மாதம் ஆகவில்லை, அதற்குள் பயிற்சி தரும் கோச்சம்மா எல்லோரையும் கூப்பிட்டு, "இவர் காலைப் பாருங்க, சத்தமே இல்ல" என்கிறார். டைல்ஸ்காரருக்கு வயிறு எரிந்தது. பதினோரு வருடத்தில் தன் காலை யாராவது அப்படிக் காட்டியதுண்டா? வீட்டிலும் அதே பாட்டு. "தங்கச்சி வீட்டுக்காரர் பிரமாதமா ஆடறாராமே?" என்று மனைவி கேட்ட அன்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்தவர், சகலையோடு பேச்சையும் நிறுத்தினார்.

வெளியூர்ப் போட்டிக்கு ஒரே ஓர் இடம் இருந்தது. இவர்கள் இருவரில் முதலில் ஐந்து முறை தொடுபவருக்கு அது. டைல்ஸ்காரர் இதுவரை போகாத போட்டி. கல் பதித்தே தேய்ந்த முழங்கால் அடுத்த வருடம் தாங்காது என்று டாக்டர் வேறு சொல்லிவிட்டார்.

யோசித்து யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தார். நான் பதித்த கற்களின் இடைக்கோட்டைப் பார்த்துத்தானே அந்த ஆள் தூரம் பிடிக்கிறான்! கோடே இல்லாவிட்டால்?

"கோச்சம்மா, ஆட்டத்தப் பின்னால முற்றத்துல வச்சுக்கலாமே. காத்தோட்டமா இருக்கும்."

"உங்க ரெண்டு பேருக்கும் சரின்னா எனக்கென்ன?"

சகலை தலையாட்டினார். டைல்ஸ்காரர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

முதல் பாய்ச்சலிலேயே அவர் வாள் ஒரு சாண் தள்ளி நின்றது. சகலையின் நுனி தோளில் பட்டது. அடுத்ததில் அளவுக்கு மீறி நெருங்கி நெஞ்சில் வாங்கினார். குனிந்து பார்த்தால் எண்ணுவதற்குத் தரையில் ஒன்றும் இல்லை. ஐந்துக்கு ஒன்று என்று முடிந்தது. அந்த ஒன்றும் குருட்டாம்போக்கில் கிடைத்தது. சகலை ஒருமுறைகூடத் தரையைப் பார்க்கவில்லை.

முகமூடியைக் கழற்றிக்கொண்டு சகலை தயங்கித் தயங்கி வந்தார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. பாயறதுக்கு முன்னாடி நீங்க எப்பவும் கீழ பாப்பீங்க. அத வச்சுத்தான் நான் விலகிக்குவேன். கவனிச்சு ரெண்டு மாசம் ஆகுது."

டைல்ஸ்காரர் தன் முகமூடியைக் கழற்றினார்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"மூணு தடவ சொல்ல வந்தேன் அண்ணே. நீங்கதான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டீங்க."