கெண்டி எரிந்தால் நிறுத்து, பெட்டி எரிந்தால் ஓட்டு

சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிய வேண்டும், இன்ஜின் ஓடத் தொடங்கினால் எல்லாம் அணைய வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கார் எலக்ட்ரீஷியனின் பிழைப்பு. வளைகுடாவில் லாரிகளோடு மல்லுக்கட்டிவிட்டு ஊர் திரும்பி, ராஜபாளையத்தில் கடை போட்டிருக்கிறேன். எரிகிற சிவப்பு விளக்கைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நீங்களும் வண்டி ஓட்டியிருப்பீர்கள்தானே? அப்படியானால் குருசாமி அண்ணனை உங்களுக்குப் பிடிக்கும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அந்தப் பக்கம், வ. புதுப்பட்டிக்காரர். பழைய டீசல் வேன் வைத்துச் சவாரி ஓட்டுகிறார். மனைவி பார்வதியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸுக்கு ராஜபாளையம் கூட்டி வருவதும் அதே வேனில்தான். ஒரு தடவை தவறினாலும் மதினிக்கு மூச்சு முட்டிவிடும்.

சந்தனத்துக்குப் பின்னால்

ஆயுத பூஜைக்கு மறுநாள் வேன் கடைக்கு முன்னால் வந்து நின்றது. இன்ஜினில் ‘டக் டக்’கென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்கில், கியரில், மீட்டர் கண்ணாடியில், எங்கும் சந்தனம், குங்குமம். கண்ணாடியில் ஒரு பொட்டு மட்டும் உள்ளிருந்து கனன்றது. “அணைங்கண்ணே, ஒடனே அணைங்க!” என்று கத்தியே விட்டேன்.

துடைத்தால், மூக்கு வைத்த கெண்டி மாதிரி இருக்குமே, அந்த ஆயில் விளக்கு. இன்ஜின் ஓடி, ஆயில் அழுத்தம் ஏறினால்தான் அது அணையும். ஓடும்போதும் எரிந்தால், உள்ளே இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டிருக்கலாம். ஃபில்டர் ஓரம் கசிந்து ஆயில் அநேகமாகக் காலி. இன்னும் நாலு கிலோமீட்டர் போயிருந்தால் இன்ஜின் மிஞ்சியிருக்காது. இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார்.

“காலையில இருந்து சாமி ஒத்தக் கண்ணால செவக்கப் பாக்குதேன்னு நானும் பாத்தேன் அண்ணாச்சி.”

பிடுங்கிய பல்பு

அடுத்த முறை வேனைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பேட்டரி சுத்தமாக இறங்கியிருந்தது. சார்ஜ் விளக்கு, அதாவது பேட்டரிப் பெட்டி படம் போட்டது, கொஞ்ச நாளாக மினுக்கிக்கொண்டிருந்ததாம். மதினி வழியெல்லாம் அதையே பார்த்துப் பயந்ததால், ஸ்டாண்டில் ஒரு டிரைவர் நல்லெண்ணத்தில் பல்பையே பிடுங்கிவிட்டார். அந்தப் பழைய வேனில், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் டைனமோவை எழுப்பிவிடுகிற துளி கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் போகும். பல்பு போனதும் டைனமோவும் தூங்கிவிட்டது.

பல்பை மாட்டினேன். காற்றுக்காக மதினி சீட்டுக்கு மேலே ஒரு ஃபேனும் வைத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கும்போது அது பேட்டரியைத் தின்னக் கூடாதே. அதனால் டைனமோ சார்ஜ் கொடுத்தால்தான், அதாவது இன்ஜின் ஓடினால்தான், ஃபேன் சுற்றும்படி ஒரு ரிலே மாட்டினேன், தானே போட்டு அணைக்கிற சுவிட்ச் மாதிரி. “ஆனா மினுக்குனது சும்மா இல்லண்ணே. டைனமோவுல பிரஷ் தேஞ்சு கெடக்கு. ஒரு நாள் வண்டிய விடுங்க” என்றேன்.

“அவளுக்கு ஆஸ்பத்திரி இல்லாத நாளு எனக்குச் சவாரி அண்ணாச்சி, வண்டி எங்க நிக்க?”

கேட்டுக்கு முன்னால்

நின்றது ஃபேன்தான். ஒரு டயாலிசிஸ் நாளில், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் அண்ணன் போன் போட்டார். மதினிக்கு ஏற்கனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“ஃபேன் நின்னுபோச்சு, செவப்பு எரியுது. ஓரங்கட்டி அணைக்கப் போறேன்!”

“அணைக்காதீங்க! எது எரியுது, கெண்டியா பெட்டியா?”

“பெட்டி.”

“அப்ப டைனமோதான் போச்சு, டீசல் இன்ஜினு அது இல்லாமயும் ஓடும். அணைச்சா மறுபடி எடுக்குமான்னு தெரியாது. இன்ஜின் சூடு காட்டுற முள்ளு ஏறுதா?”

“இல்ல.”

“லைட்டு, பாட்டு எல்லாத்தையும் நிறுத்திட்டு வந்துருங்க.”

சார்ஜ் இல்லாததால், ஓடுகிற இன்ஜினை ஓடவில்லை என்று ரிலே முடிவு கட்டிவிட்டது. அண்ணனும் அதை நம்பியிருந்தால் தீர்ந்தது. செத்த நேரத்தில் மறுபடி போன். ரயில்வே கேட் போட்டுவிட்டார்களாம். நம்மூரில் கேட் விழுந்ததும் எல்லோரும் இன்ஜினை அணைப்பது வழக்கம். அண்ணன் மட்டும் ஓடவிட்டிருந்தார். பின்னாலிருந்து யாரோ, “ஏலே, பொகையக் கெளப்பாத, அணைச்சுத் தொலை!” என்று கத்துவது எனக்கே கேட்டது. நடுவில் மதினி மூச்சை இழுத்து இழுத்து விடுவதும் கேட்டது. ரயில் போகிற சத்தம் வரும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

சார்ஜ் ஏற்றிய பேட்டரியை பைக்கில் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது வேன் வந்து நின்றிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணன் சாவியைப் பிடித்தபடி, “இப்ப அணைக்கலாமா?” என்றார். மதினியைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தார்கள். உள்ளே தள்ளுவதற்கு முன் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“கிட்னி போறதுக்கு முந்தி காலு வீங்குச்சே, அதுவும் ஒரு வெளக்குதான தம்பி, நாந்தான் அதுமேல மஞ்சப் பத்துப் போட்டு மூடிட்டேன்.”

விளக்கு எரிந்த அன்றைக்கே எல்லோரும் வந்துவிட்டால் என் கடையில் பாதியை மூட வேண்டியதுதான்; மூடினால்தான் என்ன என்று அன்றிலிருந்து தோன்றிக்கொண்டிருக்கிறது.