வாப்பாவுக்குக் கிடைத்த மேற்கோள்கள்

ஆராய்ச்சியை விட்டுவிடுவது என்ற முடிவோடுதான் அந்த முறை வெளிநாட்டிலிருந்து ஊருக்கு, காத்தான்குடிக்கு வந்திருந்தேன். விண்மீன்களுக்கு இடையில் கிடக்கும் தூசைப் பற்றி ஆராய்வது என் தொழில். ஒரு விண்மீன் மண்டலத்தில் எவ்வளவு தூசு இருக்கிறது என்று நாங்கள் எழுதிய கட்டுரை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று எங்கோ ஒரு நாட்டிலிருந்து ஒருவர், அந்தக் கணக்கு பிழை என்று தனிக் கட்டுரையே எழுதிவிட்டார். பதில் தரும்படி ஆய்விதழிலிருந்து கேட்டார்கள். எனக்கு வெறுத்துவிட்டது. யாரும் என்னவும் சொல்லிவிட்டுப் போகட்டும், ஏதாவது பாடசாலையில் பௌதிகவியல் படிப்பித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தேன்.

வாப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. பிரதான வீதியில் புடவைக்கடை வைத்திருக்கும் அவருக்கு என் தொழில் பிடிபட்டதே இல்லை. "தூசி பாக்கிறதுக்கா புள்ள அவ்வளவு தூரம் போன? நம்மட கடைக்குள்ள வந்து பாரு, எவ்வளவு இரிக்கு" என்பார். ஒருநாள் சாப்பிடும்போது, அவர் மனம் குளிரட்டுமே என்று, என் கட்டுரைகளுக்கு நிறைய மேற்கோள் கிடைத்திருக்கிறது என்றேன்.

"எத்தின?" என்றார், சோற்றில் கையை வைத்தபடி.

"நூத்துக்கணக்கில இரிக்கும் வாப்பா."

அடுத்த நாள் கடைக்குப் போனால் எனக்கு ராஜ மரியாதை. இடுப்பில் கட்டச் சாரன் வாங்க வந்த ஒருவர், "மாஷா அல்லாஹ்! ஒரு கோளுக்காவது நம்மட ஊர்ப் பேர வைங்க மகள்" என்றார். அப்போதுதான் விளங்கியது. வானத்தை ஆராய்கிற மகள், மேலே இருக்கிற கோள், அதுவும் நூற்றுக்கணக்கில். இலக்கணத்தில் வாப்பா பிழை விடவே இல்லை. மேல், கோள் இரண்டும் சேர்ந்தால் மேற்கோள்தான்.

"அது கோள் இல்ல வாப்பா. மத்த ஆராய்ச்சிக்காரங்க தங்கட கட்டுரையில நம்மட கட்டுரையச் சொல்லிக் காட்டுறது."

"அவ்வளவுதானா?"

வாப்பாவின் முகம் வாடிவிட்டது. சாரன்காரரும் இறங்கிப் போய்விட்டார். எனக்குப் பாவமாகிவிட்டது. அந்த ஆராய்ச்சிக்காரர்கள் எழுதியவற்றையே காட்டுவோம் என்று மடிக்கணினியைத் துணி விரிக்கும் மேசையில் திறந்து வைத்தேன். வாப்பாவுக்கு ஆங்கிலத்தில் தடையில்லாமல் வாசிக்கத் தெரிந்தது கடைப் பலகையை மட்டும்தான். கடையின் பெயர் அவருடைய பெயர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தவர், "இது என்ட பேர்தானே?" என்றார்.

அவருடையதேதான். ஊரில் வாப்பா என் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து. வெளிநாட்டில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டபோது, வேறு ஒன்றும் இல்லாததால் அவர் பெயரைக் கொடுத்தேன். அதிலிருந்து நான் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து.

"இஞ்சயும் என்ட பேர்தான். பக்கத்தில என்ன போட்டிரிக்கு?"

"மற்றும் பலர் எண்டு. என்னோட வேல செஞ்ச ஆக்கள்."

"அவங்கட பேர் போடல்லியா?"

"முதல் பேர் மட்டும்தான் வாப்பா."

"அதான் முறை" என்றார். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இதையும் ஒரு மேற்கோளாகச் சேர்த்துக்கொள்வார்.

அப்போது அவர் விரல் ஓரிடத்தில் நின்றது. "இதில தலைப்பிலேயே என்ட பேர் இரிக்கே?"

பொய் சொல்ல வரவில்லை. "அவர், உங்கட... நம்மட கணக்குப் பிழை எண்டு எழுதியிரிக்கார்."

"ஆரவன்?"

சேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"என்ட பேரப் போட்டு, உலகம் முழுக்கத் தெரியப் பிழை எண்டு எழுதியிரிக்கான். நீ என்ன எழுதின?"

"ஒண்டும் எழுதல்ல. இந்த வேலையையே விட்டுட்டு வந்திரலாம் எண்டு நினச்சன்."

"விடுறதா? இந்தப் பேர வச்சுத்தான் நான் யாவாரம் செய்யிறன். அவன் சொல்றது சரியா?"

கோபத்தில் அதை நான் யோசித்தே பார்த்திருக்கவில்லை. நின்று யோசித்தேன். "பாதி சரி வாப்பா."

"அப்ப அந்தப் பாதிய ஒத்துக்க. மத்தப் பாதிய விடாத. மரியாதையா எழுது, என்ட பேர்ல போகுது."

என் பெயர் மட்டும் என்றால் விட்டிருப்பேன். வாப்பாவின் பெயரை எங்கோ இருக்கும் ஒருவர் கையில் அப்படியே விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. மேசையில் ஒரு மூலையை அவர் ஒதுக்கித் தந்தார். அங்கேயே உட்கார்ந்து பதிலை எழுதத் தொடங்கினேன்.