அரமனை அம்மனுக்கு நெல் குற்றியவள்

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஓர் ஊர். அதை ஆண்ட இராசாவின் பெயர்கூட இப்போது யாருக்கும் தெரியாது. அவருடைய அரண்மனையில் மிஞ்சியது செங்கல் மதிலும், ஒரு கிணறும், இராசாத்தி கும்பிட்ட கண்ணகை அம்மன் கோயிலும்தான். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் கோயில். வைகாசியில்தான் கதவு திறக்கும். அன்றைய பொங்கலுக்கு நெல் குற்றும் உரிமை சீதேவிப்பிள்ளையின் குடிக்கு உரியது. அரைவயிற்றுக் கஞ்சி குடித்த வருடத்திலும் அவள் அதை விட்டுக்கொடுத்ததில்லை. அந்த விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் அரமனை வளவுக்குள் இராணுவ முகாம் வந்தது. மார்கழியில் ஊரைச் சுற்றிவளைத்து இளந்தாரிகளைக் கொண்டுபோனார்கள். அவளுடைய ஒரே மகன் தவராசா, வயல் வட்டையில் வரம்பு கட்டிய சேற்றுக் காலோடு போனான். மதிலுக்குள் போன ஒருவரும் திரும்பவில்லை. வாசலில் போய்க் கேட்டால், அப்படி ஆளே இல்லை என்றார்கள்.

அடுத்த வைகாசியில் ஒரு பகல் மட்டும் கோயிலைத் திறக்க அனுமதி கிடைத்தது. சீதேவிப்பிள்ளை உலக்கையைக் கழுவி வைத்தாள். உள்ளே போக அவளுக்கு வேறு வழி ஏது? எங்காவது ஒரு கம்பிக்குப் பின்னால் மகன் நிற்பான் என்று நம்பினாள். நம்பிக்கை பொல்லாதது, சோறு தண்ணீர் இல்லாமலும் வளரும்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. சாவு விழுந்த வீட்டாருக்கு ஆண்டு திரும்பும்வரை துடக்கு, அந்தத் தீட்டோடு கோயில் வாசலை மிதிக்கக் கூடாது, இவள் எப்படி அம்மனுக்குக் குற்றலாம் என்று பேச்செழுந்தது. கோயிலை நடத்தும் வண்ணக்கர் கண்ணாப்போடி நேரிலேயே வந்துவிட்டார்.

"இந்த வருசம் விடு புள்ள. ஊர் கதைக்கிது."

"சாவக் கேள்விப்பட்ட நாளையில இருந்துதானே துடக்கு, அண்ணே? என்ட மகன் செத்துப்போனான் எண்டு எனக்கு ஆர் சொன்ன? நீங்க சொல்லுங்க பாப்பம்."

அவர் வந்த வழியே திரும்பிப் போனார். பெற்றவளிடம் அதை எந்த வாயால் சொல்வது?

கோயில் திறந்த அன்று உள்ளே போனவள் ஒரு மூலை விடாமல் கண்ணால் துழாவினாள். மணல்மூட்டைகளையும் முகாம்காரரையும் தவிர ஒன்றும் இல்லை. சரி, உரலையாவது கழுவுவோம் என்று கிணற்றடிக்குப் போனாள். கிணறு விளிம்புவரை மண்ணால் மூடிக் கிடந்தது. மேலே சுண்ணாம்பு தூவியிருந்தார்கள். காவலுக்கு நின்றவன், தண்ணீரைப் பவுசர் வண்டியில் எடுக்கும்படி அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். நல்ல தண்ணீர்க் கிணற்றை வைகாசி வெயிலில் எவன் மூடுவான்? கூட வந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மண்ணுக்குக் கீழே கிடப்பது தங்கள் பிள்ளைகள்தான் என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது.

கண்ணாப்போடி ஓடிவந்தார்.

"நீ குத்து புள்ள. உனக்கு ஆரும் ஒண்டும் சொல்லல்ல. நீ குத்து."

சீதேவிப்பிள்ளை உலக்கையை மதிலில் சாத்தினாள்.

"ஏலாது அண்ணே, எனக்குத் துடக்கு," என்றாள். "இப்பதான் கேள்விப்பட்டன்."